ஒரு டப்ளின் பையனுக்கு நம் மேடையில் இடமில்லையா?

டப்ளினில் இயங்கும் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு,

ஆண்டு விழாப் பேச்சுப் போட்டிக்கு ‘எனக்குப் பிடித்த வரலாற்று மனிதர்’ என்று தலைப்பு கொடுத்தது நீங்கள்தான். என் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரெண்டன் ஃபினுகேன் என்ற டப்ளின் விமானியைத் தேர்ந்தெடுத்தாள். தேடித்தேடிப் படித்து அவளே தமிழில் எழுதினாள், மனப்பாடமும் செய்தாள். ஒத்திகையெல்லாம் முடிந்த பிறகு, விழாவுக்கு முந்தைய வாரம், ‘இந்தப் பேச்சு வேண்டாம், வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. போன் செய்து காரணம் கேட்டேன். ஆங்கிலேயனுக்காகச் சண்டை போட்டவன், குண்டு போடுகிற விமானப்படைக்காரன், அவனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றீர்கள். அடுத்து வந்த சுற்றறிக்கையில், இனிமேல் தலைப்புகள் தமிழர் வரலாற்றுக்குள் மட்டும்தான், ராணுவம் சம்பந்தப்பட்ட எதுவும் கூடாது என்று விதியே போட்டுவிட்டீர்கள்.

விழா முடியட்டும், உட்கார்ந்து பேசலாம் என்றீர்கள். விழா முடிந்துவிட்டது. உட்காரவும் இல்லை, பேசவும் இல்லை. விதி மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால்தான் எல்லாப் பெற்றோரும் படிக்கும்படி இதை வெளியில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பையன் யார் என்று பார்ப்போம். என்னிடம் பேசிய யாரும் அவள் பேச்சை முதல் பத்தியைத் தாண்டிப் படித்ததாகத் தெரியவில்லை. ‘பிரிட்டிஷ் விமானப்படை’ என்று வரும் இடத்திலேயே தாளை மடித்துவிட்டீர்கள். அதற்கு அடுத்த பத்தியில்தான் அவர் அப்பா வருகிறார்.

பிரெண்டன் ஃபினுகேன் பிறந்தது 1920 அக்டோபர் 16, ராத்மைன்ஸில். ஊருக்கு வந்த புதிதில் நம்மில் எத்தனையோ பேர் அறை எடுத்துத் தங்கிய அதே ராத்மைன்ஸ். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட அயர்லாந்து போராடிக்கொண்டிருந்த நேரம். அது எப்படிப்பட்ட காலம் என்று நம் பிள்ளைகளுக்கு இங்குள்ள பள்ளியில் பாடமாகவே வருகிறது. கார்க் நகர மேயர் டெரன்ஸ் மெக்ஸ்வினி லண்டன் சிறையில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டது அக்டோபர் 25. கெவின் பேரி என்ற 18 வயது மருத்துவ மாணவனை மவுன்ட்ஜாய் சிறையில் தூக்கில் போட்டது நவம்பர் 1. டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் கால்பந்து பார்க்க வந்த கூட்டத்தின் மேல் பிரிட்டிஷ் படைகள் சுட்டுத் தள்ளியது நவம்பர் 21. ராத்மைன்ஸ் குழந்தைக்கு அன்றைக்கு ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

அப்பா ஆண்ட்ரூ ஃபினுகேன், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில், பின்னாளில் அயர்லாந்தின் பிரதமரான டி வலேராவின் தலைமையில் போலண்ட்ஸ் ஆலையில் நின்று பிரிட்டிஷ் படையோடு சண்டை போட்டவர். கிராண்ட் கேனால் டாக்கில் கூகுள் வாங்கிய கட்டடங்கள் நிற்கும் இடம்தான் அது. நம் ஆட்கள் பலர் தினமும் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கிறார்கள். அம்மா ஃபிளாரன்ஸ் இங்கிலாந்துக்காரர். ஆக, அந்த வீட்டில் அயர்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. ஐந்து பிள்ளைகள், மூத்தவர் பிரெண்டன்.

படித்தது சிங் ஸ்ட்ரீட்டிலும், பிறகு நார்த் ரிச்மண்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஓகானல் பள்ளியிலும். ரக்பி, குத்துச்சண்டை இரண்டிலும் ஆள் கெட்டி. சின்ன வயதில் டப்ளினை ஒட்டிய பால்டொனெல்லில் நடந்த விமானக் காட்சியில் தம்பி ரேமண்டோடு சில நிமிடம் வானத்தில் சுற்றி வந்ததோடு பைத்தியம் பிடித்துக்கொண்டது. 1936ல் குடும்பம் லண்டனை ஒட்டிய ரிச்மண்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது, பிடிக்கவில்லை. அப்போது விமானப்படையில் சேரப் பதினேழரை வயது ஆகியிருக்க வேண்டும். அந்த வயது வந்ததும் விண்ணப்பம் போட்டார். 1938ல் எடுத்துக்கொண்டார்கள். ஹிட்லரை எதிர்க்கவோ அரசருக்கு விசுவாசம் காட்டவோ போனதாக என் மாணவி எழுதவில்லை. பறக்க ஆசைப்பட்ட ஒரு பையனுக்குக் காசு இல்லாமல் பறக்கக் கிடைத்த வழி அதுதான் என்று எழுதியிருந்தாள். 13 வயதுப் பெண்ணுக்கு இது புரிந்திருக்கிறது.

இன்னொன்றும் அவளுக்குப் பிடித்திருந்தது. இந்த மனிதர் பிறவி விமானி இல்லை. பயிற்சிக் காலத்தில் சொதப்பியிருக்கிறார், தரையிறக்குவதில் தடுமாறியிருக்கிறார், சராசரிக்கும் கீழே என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ‘மிஸ், இவரும் முதல்ல ஃபெயில் மாதிரிதான்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். தமிழ் எழுத்துகளில் ல, ழ, ள மூன்றோடும் மல்லுக்கட்டும் பெண் அவள். எந்த மன்னரையும் விட இந்த ஆள் ஏன் அவளுக்கு நெருக்கமாகத் தெரிந்தார் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

1940 ஜூலையில் ஹார்ன்சர்ச் தளத்தில் 65ஆம் அணியில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டச் சேர்ந்தார். பிரிட்டனுக்கு மேலே வான்போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். ஆகஸ்ட் 12 அன்று முதல் ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார். 1941ல் அவரை 452ஆம் அணிக்கு அனுப்பினார்கள். அது ஆஸ்திரேலியர்களின் அணி. டப்ளின்காரர் ஒருவர், ஆஸ்திரேலியர்களுக்கு, இங்கிலாந்தில் இருந்துகொண்டு, பிரான்சுக்கு மேல் எப்படிச் சண்டை போடுவது என்று கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்த அணி வீழ்த்திய முதல் விமானமும் அவர் கணக்கில்தான். தன் ஸ்பிட்ஃபயரின் பக்கவாட்டில் பெரிய பச்சை ஷாம்ராக் இலை ஒன்றை வரைந்து, அதன் மேல் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டிருந்தார். பிரிட்டிஷ் விமானத்தில் அயர்லாந்தின் இலை! ஆங்கிலேயனுக்காகப் பறந்தவன் என்று நீங்கள் ஒரே வரியில் முடித்த கதையில் இந்த இலைக்கு எங்கே இடம் கொடுப்பீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அந்த ஆண்டு அக்டோபரில் கணுக்காலை உடைத்துக்கொண்டார். போரில் இல்லை. இருட்டடிப்பு நேரத்தில் ஒரு சுவரைத் தாண்டிக் குதித்து! அந்த வயதுப் பையன்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்திருக்கிறார். 1942 ஜனவரியில் 602ஆம் அணிக்குத் தலைவர். பிப்ரவரியில் காலில் குண்டுக்காயம். ஜூனில் ஹார்ன்சர்ச் தளத்தின் அணிகளையெல்லாம் சேர்த்து வழிநடத்தும் விங் கமாண்டர். வயது 21. போர் விமானப் பிரிவில் அந்தப் பதவிக்கு அவரைவிட இளையவர் வந்ததில்லை. ஒரு பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

ஜூலை 15 அன்று பிரான்சின் எடாப்ல் ஊரில் இருந்த ஜெர்மன் ராணுவ முகாமைத் தாக்கப் புறப்பட்டார்கள். லே டூக்கே பக்கம் கடற்கரையைத் தாழ்வாகக் கடக்கும்போது, கீழே மணலில் இருந்த இயந்திரத் துப்பாக்கி ஒன்று அவர் விமானத்தின் ரேடியேட்டரைத் துளைத்தது. அத்தனை ஜெர்மன் போர் விமானங்களிடம் தப்பியவரை வீழ்த்தியது தரையில் இருந்த ஒரு சிறு துப்பாக்கி. ஸ்பிட்ஃபயரில் குளிரூட்டும் திரவம் போய்விட்டால் எஞ்சின் சில நிமிடம்தான் தாங்கும். திரும்பிக் கடல் மேல் பறந்தார். பாராசூட்டில் குதிக்க வேண்டிய உயரம் இல்லை. ‘அவ்வளவுதான் பசங்களா’ என்கிற மாதிரி வானொலியில் சொன்னதாகக் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். தண்ணீரில் இறக்கப் பார்த்தார், விமானம் உடனே மூழ்கிவிட்டது. உடல் கிடைக்கவில்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரலில் நடந்த நினைவுத் திருப்பலிக்கு 2500 பேருக்கு மேல் வந்தார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கான ரன்னிமீட் நினைவிடத்தில் பெயர் இருக்கிறது. இருபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

இதுதான் அவள் பேச இருந்த கதை. எத்தனை விமானத்தை வீழ்த்தினார் என்று மார்தட்டவும் இல்லை. 32 என்று சிலரும் 28 என்று சிலரும் சொல்வதை எழுதிவிட்டு, அந்தப் போரில் இரு பக்கத்து விமானிகளும் சொன்ன கணக்கு எதிரியின் பதிவேட்டோடு பல நேரம் ஒத்துப்போவதில்லை என்பதையும் சேர்த்திருந்தாள். நம் பள்ளி மேடையில் இப்படி ஒரு சந்தேகத்தோடு எழுதிய பேச்சை நான் கேட்டதே இல்லை. ‘மாபெரும்’, ‘ஈடு இணையற்ற’ என்று தொடங்கும் பேச்சுகள் மட்டும் தாராளமாக வருகின்றன.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

ஆங்கிலேயனுக்காகச் சண்டை போட்டவன் என்கிறீர்கள். உண்மைதான். பிரிட்டிஷ் விமானப்படை ஒன்றும் தர்ம சத்திரம் இல்லை. அதே படைதான் 1920களில் இராக் கிராமங்கள் மேல் குண்டு போட்டது. அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரே வாக்கியத்தை வைத்து அயர்லாந்து தன் சொந்தப் பிள்ளைகளை என்ன பாடு படுத்தியது என்பதைக் கொஞ்சம் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. அப்படியிருந்தும் பல்லாயிரம் பேர் எல்லை தாண்டிப் போய் பிரிட்டிஷ் படைகளில் சேர்ந்தார்கள். பத்திரிகைகள் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று இங்கே தணிக்கை இருந்தது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பலை 1941 டிசம்பரில் மலாயா அருகே ஜப்பானியர் மூழ்கடித்தபோது, அதிலிருந்து தப்பிய தன் பழைய ஊழியர் ஒருவர் ‘படகு விபத்தில்’ பிழைத்துக்கொண்டார் என்று ஐரிஷ் டைம்ஸ் செய்தி போட்டது. தணிக்கை அதிகாரியை ஏய்க்க அவர்களுக்குக் கிடைத்த வழி! சிரிப்பாக இருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் எங்கே, எப்படிச் சாகப் பார்த்தார் என்று அவர் ஊர்ப் பத்திரிகை நேராகச் சொல்ல முடியாத நிலைமை அது.

போர் முடிந்த பிறகு 1945 ஆகஸ்டில் ஓர் ஆணை வந்தது. ஐரிஷ் ராணுவத்திலிருந்து ஓடிப்போய் நேச நாட்டுப் படைகளில் சேர்ந்த சுமார் 5000 பேருக்கு, ஏழு ஆண்டுகள் அரசுச் சம்பளத்தில் எந்த வேலையும் கிடையாது. அந்த ஆணைக்கு மக்கள் வைத்த பெயர் ‘பட்டினி ஆணை’. ஃபினுகேன் அந்தப் பட்டியலில் வரமாட்டார், அவர் சிறுவனாகவே குடும்பத்தோடு போனவர், ஐரிஷ் ராணுவத்தில் இருந்ததே இல்லை. ஆனாலும் அந்தக் காற்று எல்லார் வீட்டுக்குள்ளும் அடித்தது. அந்த 5000 பேருக்கு டப்ளின் நாடாளுமன்றம் மன்னிப்புச் சட்டம் போட்டது 2013ல். நம்மில் பாதிப் பேர் அதற்குள் இங்கே வந்து குடியேறிவிட்டோம். அத்தனை தாமதம். அதைக் கேட்க உயிரோடிருந்த கிழவர்கள் சொற்பம்.

ஐலண்ட்பிரிட்ஜ் போர் நினைவுத் தோட்டத்துக்குக் கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம், போட்டோ எடுக்கிறோம். புது டெல்லியை வடிவமைத்த லட்யென்ஸ்தான் அதையும் வடிவமைத்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் செத்த அயர்லாந்துக்காரர்களுக்காக 1930களில் கட்டியது. திறப்பு விழா தள்ளிப்போய், தோட்டம் பல பத்தாண்டு கேட்பாரற்றுப் பாழடைந்து, 1988ல்தான் சீர்செய்து முறையாகத் திறந்தார்கள். இன்றைக்கும் இந்த வாக்குவாதம் ஓய்ந்துவிடவில்லை. டப்ளின் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் 1916 எழுச்சியில் இறந்த எல்லாரின் பெயரையும், பிரிட்டிஷ் சிப்பாய்கள் உட்பட, ஒரே சுவரில் பொறித்தார்கள். அதன் மேல் பெயின்டை வீசினார்கள், அப்புறம் சுத்தியலால் உடைத்தார்கள். கடைசியில் அந்த முயற்சியையே கைவிட வேண்டியதாயிற்று.

என் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் தாய்மாமன் பிரிட்டிஷ் விமானப்படையில் தரைப்பணியாளர். சீருடையில் எடுத்த படம் வீட்டில் இருந்தது, ஆனால் கூடத்தில் மாட்டமாட்டார்களாம். படுக்கையறை அலமாரிக்குள் துணிக்கு அடியில் இருக்கும். யாராவது கேட்டால் மாமா இங்கிலாந்தில் தொழிற்சாலையில் இருந்தார் என்று சொல்லச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறார்கள். நம் பள்ளியில் ஒரு மாணவி ஃபினுகேனைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று நான் சொன்னபோது அவருக்கு ஒரே ஆச்சரியம். பேச்சை நிறுத்திவிட்டோம் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? உங்கள் ஊர்க்காரர்களே இப்போதுதான் அலமாரியைத் திறக்கிறார்கள், அதற்குள் வந்தேறிகளான நாங்கள் அதை மறுபடி பூட்டிவிட்டோம் என்றா?

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? அதே போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்த தமிழர்கள் பர்மாவில் ஒரு பக்கம் நின்றார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்கள் எதிர்ப் பக்கம் நின்றார்கள். யார் துரோகி, யார் தியாகி என்று ஒரு வரியில் பிரிக்க நம்மால் முடிகிறதா? சர்ச்சிலை நமக்கு அறவே ஆகாது. 1943 வங்கப் பஞ்சம் ஒன்று போதும். அயர்லாந்துக்காரர்களுக்கும் ஆகாது, 1920ல் அயர்லாந்தின் போராட்டத்தை அடக்க பிளாக் அண்ட் டான்ஸ் படையை அவிழ்த்துவிட்டபோது போர் அமைச்சர் அவர்தான். அந்த மனிதரே பின்னாளில், அயர்லாந்து மீது கசப்பு எழும்போதெல்லாம் ஃபினுகேன் போன்றவர்களின் நினைவு அதை ஆற்றிவிடுகிறது என்ற பொருளில் பேசினார். அப்பா எதிர்த்து நின்ற பேரரசின் தலைவரிடமிருந்து மகனுக்கு இப்படி ஒரு பாராட்டு! ஆண்ட்ரூ ஃபினுகேன் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்பதை என் மாணவி கேள்வியாகவே விட்டிருந்தாள். பதில் எழுதாமல் விட்டதற்கு நான் அவளுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டேன்.

குண்டு போடுகிறவனைப் பற்றிப் பேசக் கூடாது என்ற காரணத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சொன்னவர் குழுவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். ‘தங்கச்சி, பொம்மர் சத்தம் கேட்டாப் பங்கருக்குள்ள ஓடின ஆக்கள் நாங்கள். எங்கட பிள்ளையள் மேடையில ஏறி ஒரு பைலட்டைப் புகழ வேணாம்’ என்றார். யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தின் மேல் இலங்கை விமானப்படையின் குண்டு விழுந்தது 1995ல். அந்த ஊர்களிலிருந்து வந்தவர்களிடம் விமானத்தின் அழகைப் பேசும் தைரியம் எனக்குக் கிடையாது. அண்ணனின் அந்த வார்த்தைக்கு நான் அன்றும் மறுப்புச் சொல்லவில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை.

ஆனால் அண்ணா, அவள் புகழவில்லையே. பேச்சின் நடுவில் ஒரு பகுதி இருந்தது. அதை நீங்கள் பார்க்கவே இல்லை என்பதுதான் என் ஆற்றாமை. 1941 மே 31 அதிகாலையில் ஜெர்மன் விமானம் ஒன்று டப்ளின் நார்த் ஸ்ட்ராண்டில் குண்டு போட்டது. 28 பேர் செத்தார்கள், வீடுகள் நொறுங்கின. நடுநிலை நாட்டின் மேல் விழுந்த குண்டு. ஃபினுகேன் படித்த ஓகானல் பள்ளி அங்கிருந்து நடந்து போகும் தூரம். அவர் வானத்தில் ஜெர்மன் விமானங்களோடு மோதிக்கொண்டிருந்த அதே வருடம், அவர் பள்ளிக்கூடத்துத் தெருப்பக்கம் கீழே இருந்தவர்களுக்கு இது நடந்திருக்கிறது. அவள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாள். பிறகு எடாப்ல் முகாமைப் பற்றி எழுதும்போது, ‘அந்த முகாமில் இருந்தவர்களும் இருபது வயது அண்ணன்களாக இருந்திருக்கலாம். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது’ என்று ஒரு வரி. பங்கருக்குள் ஓடியவர்களின் பக்கம் நின்று எழுதிய வரி அது. ஒரு விமானியின் கதையில் தரையில் இருப்பவர்களுக்கு இடம் கொடுத்த ஒரே பேச்சை, தரையில் இருந்தவர்களின் பெயரால் நிறுத்திவிட்டோம்.

ராணுவம் வேண்டாம் என்ற விதியையும் கொஞ்சம் யோசியுங்கள். அதே சுற்றறிக்கையின் பின்பக்கம் நீங்கள் கொடுத்திருக்கும் பட்டியலில் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு இருக்கிறது. கடாரத்துக்குக் கப்பலில் போய்க் கோலாட்டம் ஆடிவிட்டா வந்தார்கள்? இந்த விழாவிலும் அட்டைக் கத்தியோடு கட்டபொம்மன் வந்தார், அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். ஆயிரம் வருடத்துக்கு முன் நடந்தால் வீரம், எண்பது வருடத்துக்கு முன் நடந்தால் ராணுவம் என்று பிள்ளைகளிடம் எந்த வாயால் சொல்வது?

நமக்கு என்ன சம்பந்தம் என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. நம் பிள்ளைகள் இந்த ஊரில் வளர்கிறார்கள். அவர்களுக்கு ராத்மைன்ஸ் பக்கத்து ஊர், தஞ்சாவூர் விடுமுறைக்குப் போகும் ஊர். பக்கத்து ஊர்க் கதையைத் தமிழில் சொல்லத் தெரிந்தால்தான் தமிழ் அவர்களுக்கு நடமாடும் மொழியாக இருக்கும். தமிழில் பேசினால் ராஜராஜனைப் பற்றித்தான் பேச வேண்டும், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் என்று நாமே கோடு கிழித்தால், பதினைந்து வயதில் அவர்கள் சனிக்கிழமை வகுப்புக்கு ஏன் வரப்போகிறார்கள்? மேல் வகுப்புகளில் நாற்காலிகள் காலியாவது உங்களுக்கும் தெரியும், ஒவ்வொரு கூட்டத்திலும் நீங்களே அதைச் சொல்லி வருத்தப்படுகிறீர்கள்.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்றும் சொல்லிவிடுகிறேன். அழவில்லை, சண்டை போடவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு பேச்சை எடுத்து, மன்னர் ஒருவரைப் பற்றி மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு இறங்கினாள். பரிசும் கிடைத்தது. ‘இது ஈஸி மிஸ், எதையும் தேட வேண்டியதில்லை’ என்றாள். அவள் அப்பா அம்மா இருவரும் உங்களோடு நல்ல உறவில் இருப்பவர்கள், சங்கடம் வேண்டாம் என்று என்னையும் அடங்கச் சொன்னார்கள். எனக்கு அடங்க மனம் வரவில்லை.

நான் கேட்பது இவைதான்.

தலைப்புகளைத் தமிழர் வரலாற்றுக்குள் அடைக்கும் விதியையும், ராணுவம் கூடாது என்ற விதியையும் திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெற்றதை வாட்ஸ்அப் வரியாகப் போடாமல் முறையான சுற்றறிக்கையாக அனுப்புங்கள். விதி போட்டபோது அப்படித்தானே அனுப்பினீர்கள்.

அடுத்த பொங்கல் விழாவில் அந்த மாணவியை, அவள் எழுதிய பேச்சை ஒரு வரிகூட வெட்டாமல், பேச அழையுங்கள். அவளுக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், ஆனால் அழைப்பு குழுவிடமிருந்து நேராகப் போக வேண்டும், என் வழியாக வேண்டாம். அதற்கு முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அந்தப் பேச்சைக் கடைசி வரி வரை படியுங்கள். பிரதி என்னிடம் இருக்கிறது, எல்லாருக்கும் தருகிறேன்.

யாழ்ப்பாணத்து அண்ணனை எங்கள் மேல் வகுப்புக்கு ஒரு சனிக்கிழமை வரச்சொல்லிக் கேட்கிறேன். பங்கரைப் பற்றி, பொம்மரைப் பற்றி, அவருக்கு எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு பிள்ளைகளிடம் சொல்லட்டும். சொல்ல முடியாது என்றால் அதையும் மதிக்கிறோம்.

இனி ஒரு பிள்ளையின் பேச்சை நிறுத்துவதானால், யார் முடிவெடுத்தார்கள், என்ன காரணம் என்பதை எழுத்தில் அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கொடுங்கள். ஒத்திகைக்கு முன்பே கொடுங்கள்.

அடுத்த பருவம் தொடங்குவதற்குள் இந்த மடலுக்கு எல்லாப் பெற்றோரும் பார்க்கும்படி பதில் வேண்டும். நீங்கள் மறுத்தாலும் என் வகுப்பை நான் நிறுத்த மாட்டேன், எப்போதும்போல் சனிக்கிழமை காலை வந்துவிடுவேன். ஆனால் உங்கள் பட்டியலிலிருந்து என் மாணவர்களுக்குத் தலைப்புக் கொடுக்க மாட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மேல் வகுப்புத் தமிழ் ஆசிரியை